சென்னையிலிருந்து பிரெஞ்சுக் கூடைப்பந்தைப் பின்தொடர்வது எப்படி?

2024 ஆகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பிரான்ஸ் அமெரிக்காவிடம் 98-87 என்று தோற்ற ஆட்டம் இந்திய நேரப்படி நள்ளிரவு 1 மணிக்குத் தொடங்கியது. அதை விழித்திருந்து பார்த்த சென்னை ரசிகர்களில் பலர் பிரான்சின் இளம் நட்சத்திரம் விக்டர் வெம்பன்யாமாவுக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எந்த நாட்டு லீகில் வளர்ந்தார், அந்த லீகை வாரந்தோறும் தொடர்ந்து பார்ப்பது எப்படி என்ற கேள்வி அதன் பிறகு கல்லூரி மைதானங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகை மட்டுமே பார்த்துப் பழகியவர் பிரெஞ்சு லீகின் அட்டவணையைத் திறந்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கும். ஒரே கிளப் செவ்வாய்க்கிழமை ஒரு தொடரிலும் ஞாயிற்றுக்கிழமை வேறொரு தொடரிலும் ஆடும். பிப்ரவரியில் மூன்றாவதாக ஒரு கோப்பை குறுக்கே வரும். நாட்டின் சாம்பியனுக்கே ஐரோப்பாவின் உச்சத் தொடரில் இடம் நிச்சயமில்லை என்றும் சொல்வார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரே வழி, லீகை மொத்தமாகப் பார்க்க முயலாமல், ஒரு கிளப்பை எடுத்துக்கொண்டு அதன் ஓராண்டு நாட்காட்டியோடு நடப்பதுதான். அதற்கான வழிமுறையே இக்கட்டுரை.

உள்நாட்டுப் படிக்கட்டு

பிரான்சின் தொழில்முறைக் கூடைப்பந்தை 1987இல் உருவான தேசியக் கூடைப்பந்து லீக் நடத்துகிறது. அதன் கையில் இரண்டு பிரிவுகள் உள்ளன. முதல் பிரிவு நெடுங்காலம் ‘ப்ரோ அ’ என்று அழைக்கப்பட்டு, பின்னர் விளம்பரதாரரின் பெயரோடு ‘ஜீப் எலீட்’ என்றும், 2021 முதல் ‘பெத்கிளிக் எலீட்’ என்றும் ஆனது. ஆகவே பழைய செய்திகளைத் தேடும்போது மூன்று பெயர்களும் ஒரே போட்டியைத்தான் குறிக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் பிரிவான ‘ப்ரோ பே’ இப்போது ‘எலீட் 2’ எனப்படுகிறது. அதற்குக் கீழே உள்ள பிரிவுகளைப் பிரெஞ்சுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு நடத்துகிறது.

2024-25 பருவத்திலிருந்து முதல் பிரிவு 18 அணிகளிலிருந்து 16 ஆகச் சுருங்கியது. எனவே ஒவ்வோர் அணிக்கும் மற்ற 15 அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என 30 ஆட்டங்கள். செப்டம்பர் இறுதியில் தொடங்கும் இந்தச் சுற்று மே மாதத்தில் முடியும். அதன் பிறகு முன்னணி அணிகள் மோதும் பிளே-ஆஃப், ஜூனில் ஐந்து ஆட்டங்களில் மூன்றை வெல்பவருக்குப் பட்டம். அட்டவணையின் அடியில் இருப்பவர்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்குவார்கள். என்.பி.ஏ. ரசிகருக்குப் புதிதாக இருப்பது இதுதான். ஏப்ரலில் பதினான்காம் இடத்துக்கும் பதினைந்தாம் இடத்துக்கும் நடக்கும் ஆட்டம் சில சமயம் முதலிடத்துக்கான ஆட்டத்தைவிடச் சூடாக இருக்கும், ஏனெனில் தோற்கும் அணி இழப்பது அடுத்த ஆண்டின் வரவு செலவையே.

இதோடு இரண்டு கோப்பைகள் உள்ளன. பிரெஞ்சுக் கோப்பை கீழ்ப்பிரிவு அணிகளும் கலந்துகொள்ளும் நாக்-அவுட். லீடர்ஸ் கப் என்பது பருவத்தின் பாதியில் முதல் எட்டு இடங்களில் இருக்கும் அணிகள் பிப்ரவரி மாதத்தில் ஒரே ஊரில் கூடி மூன்று நாட்களில் முடித்துவிடும் தொடராகப் பெயர் பெற்றது. பல ஆண்டுகள் அது பாரிஸ் அருகே டிஸ்னிலேண்டில் நடந்தது. புதிதாக வருபவர்கள் இந்த மூன்று நாட்களைத் தவறவிடக் கூடாது. எட்டு நல்ல அணிகளை ஒரே வார இறுதியில் பார்த்துவிட்டால், யாரைத் தொடர்வது என்ற முடிவு பாதி எடுத்தது போலத்தான்.

ஐரோப்பாவில் ஏன் இத்தனை தொடர்கள்?

ஐரோப்பியக் கிளப் போட்டிகள் இரண்டு நிர்வாகங்களின் கீழ் உள்ளன. உச்சத் தொடரான யூரோலீகையும் அதற்கு அடுத்த நிலையிலுள்ள யூரோகப்பையும் கிளப்கள் சேர்ந்து உருவாக்கிய ஒரு நிறுவனம் நடத்துகிறது. சாம்பியன்ஸ் லீகையும் அதற்குக் கீழே ஃபிபா ஐரோப்பாக் கோப்பையையும் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா நடத்துகிறது. 2000இல் தொடங்கிய இந்தப் பிளவு 2016இல் முற்றியது; அந்த ஆண்டுதான் ஃபிபா தன் சாம்பியன்ஸ் லீகைத் தொடங்கியது. பிரெஞ்சு லீக் அப்போது ஃபிபாவின் பக்கம் நின்றதால், 2015-16இல் லிமோஜும் ஸ்ட்ராஸ்பூர்க்கும் ஆடிய யூரோலீகில் அடுத்த மூன்று பருவங்கள் ஒரு பிரெஞ்சு அணிகூட இல்லை. 2019-20இல் வில்லூர்பான் நகரின் அஸ்வெல் அணி திரும்பிய பிறகுதான் கதவு திறந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது நுழையும் வழி. யூரோலீகில் பெரும்பாலான இடங்கள் நீண்டகால உரிமத்தாலும் அழைப்பாலும் நிரம்புகின்றன. உள்நாட்டுப் பட்டத்தால் அல்ல. கால்பந்தில் லீக் தரவரிசையைப் பார்த்து ஐரோப்பிய இடத்தைச் சொல்லிவிடலாம். கூடைப்பந்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் யூரோகப்பை வென்றவருக்கு மேலே ஏறும் வழி இருந்திருக்கிறது. 2021இல் மொனாக்கோ அந்தக் கோப்பையை வென்று அடுத்த பருவமே யூரோலீகில் நுழைந்தது. 2024இல் பாரிஸ் பாஸ்கெட்பால் அதே வழியில் ஏறியது; அந்த இறுதித் தொடரில் எதிரணியும் பூர்-கான்-ப்ரெஸ் என்ற இன்னொரு பிரெஞ்சு கிளப் என்பது குறிப்பிடத்தக்கது.

2025-26இல் யூரோலீக் 20 அணிகளாக விரிந்தது. அதாவது வழக்கமான சுற்றிலேயே 38 ஆட்டங்கள். அஸ்வெல், மொனாக்கோ, பாரிஸ் ஆகிய மூன்றும் இதில் ஆடுகின்றன. இந்த 38ஐ உள்நாட்டின் 30ஓடு கூட்டிப் பாருங்கள்: பிளே-ஆஃபுக்கு முன்பே 68 ஆட்டங்கள், கோப்பைகள் தனி. என்.பி.ஏ. அணி 82 ஆட்டம் ஆடுகிறதே என்று கேட்கலாம். ஆனால் அங்கே எல்லாம் ஒரே தொடர், ஒரே விதிமுறை, தனி விமானம். இங்கே வியாழக்கிழமை இரவு பெல்கிரேடிலோ இஸ்தான்புல்லிலோ ஆடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐம்பதாயிரம் பேர் வாழும் ஒரு பிரெஞ்சு ஊரின் அரங்கில், வாரம் முழுவதும் ஓய்வெடுத்துக் காத்திருக்கும் அணியை எதிர்கொள்ள வேண்டும். பெரிய அணிகள் ஞாயிறு அன்று சறுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பயணக் களைப்புதான். அதை அறிந்தவருக்கு ஞாயிறு ஆட்டங்களே லீகின் சுவையான பகுதி.

அமைப்பு இன்னும் மாறலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 மார்ச்சில் என்.பி.ஏ.வும் ஃபிபாவும் சேர்ந்து ஐரோப்பாவில் ஒரு புதிய லீகை உருவாக்கும் வாய்ப்பை ஆராய்வதாக அறிவித்தன.

கிளப்பைத் தேர்ந்தெடுத்தல்

சென்னையில் கூடைப்பந்து பார்த்து வளர்ந்தவருக்கு அணி என்றால் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை. அலுவலகம் வேலை கொடுக்கும், வீரர் அதன் சட்டையை அணிவார். பிரான்சில் அணி ஊருடையது. அரங்கு பெரும்பாலும் நகராட்சிக்குச் சொந்தமானது, நகராட்சியின் நிதியுதவியும் உண்டு. அந்த ஊரில் வேறு பெரிய பொழுதுபோக்கு இல்லாததால் சனிக்கிழமை மாலை எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். பெருநகரங்களைக் கால்பந்து பிடித்துக்கொண்டதால் நடுத்தர ஊர்களில் கூடைப்பந்து வேர்விட்டது என்பதே இந்த லீகின் முகவெட்டு.

இரு நாடுகளுக்கும் ஒரு பொது வேர் உண்டு. ஐரோப்பாவின் முதல் கூடைப்பந்து ஆட்டம் 1893 டிசம்பர் 27 அன்று பாரிஸில் த்ரெவீஸ் தெருவிலுள்ள ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் நடந்தது, அந்த மரத்தளம் இன்றும் இருக்கிறது. நம் ஊரில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நந்தனத்தில் பார்க்கிறோம். பிரான்சில் அதன் பிறகு ஆட்டத்தைப் பரப்பியவை தேவாலய இளைஞர் மன்றங்களும் அவற்றுக்குப் போட்டியாக எழுந்த மதச்சார்பற்ற மன்றங்களும். லிமோஜின் முழுப்பெயரில் புனித பேதுருவும், திஜோன் கிளப்பின் பெயரில் ஜோன் ஆஃப் ஆர்க்கும் இருப்பது அந்தக் காலத்தின் தடயம். பூர்-கான்-ப்ரெஸ் கிளப்போ தன் பெயரிலேயே மதச்சார்பற்ற இளைஞர் மன்றம் என்று சொல்லிக்கொள்கிறது.

வரலாறுதான் உங்களை இழுக்கிறது என்றால் லிமோஜைத் தேர்ந்தெடுங்கள். பீங்கானுக்குப் பெயர் போன இந்த ஊர் 1993 ஏப்ரலில் கிரேக்கத்தின் பிரேயஸ் நகரில் இத்தாலியின் ட்ரெவீசோவை 59-55 என்று வீழ்த்தி ஐரோப்பியச் சாம்பியன் ஆனது. அணி விளையாட்டு எதிலும் ஐரோப்பாவின் உச்சக் கோப்பையை வென்ற முதல் பிரெஞ்சு கிளப் அதுவே. மார்செய் கால்பந்து அணி அதற்கு அடுத்த மாதம்தான் வென்றது. பயிற்சியாளர் போஷிதார் மால்கோவிச் ஆட்டத்தின் வேகத்தை முடிந்தவரை குறைத்து, எதிரணியைப் பந்தோடு மூச்சுத் திணறவைத்தார். அழகான கூடைப்பந்து என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பெயர் இன்றும் நிற்கிறது. அதன் பிறகு எந்தப் பிரெஞ்சு அணியும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. மிக அருகில் சென்றது மொனாக்கோ: 2025 மே மாதம் அபுதாபியில் நடந்த இறுதிப் போட்டியில் ஃபெனர்பாச்சேயிடம் 81-70 என்று தோற்றது.

வெற்றிதான் வேண்டும் என்பவர் அஸ்வெலையோ மொனாக்கோவையோ பாரிஸையோ பார்க்கலாம். லியோனை ஒட்டிய வில்லூர்பானில் 1948இல் பிறந்த அஸ்வெல் 21 தேசியப் பட்டங்களோடு முதலிடத்தில் நிற்கிறது. பிரான்சின் என்.பி.ஏ. நட்சத்திரம் டோனி பார்க்கர் 2014இல் அதன் முதன்மை உரிமையாளர் ஆனார். மொனாக்கோ தனி நாடு என்றாலும் பிரெஞ்சு லீகில்தான் ஆடுகிறது. 2023, 2024 பட்டங்கள் அதனுடையவை, அதன் கார்ட் மைக் ஜேம்ஸ் யூரோலீக் வரலாற்றில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர். பாரிஸ் பாஸ்கெட்பால் 2018இல் தொடங்கிய கிளப். ஆறே ஆண்டுகளில் யூரோகப், ஏழாம் ஆண்டில் மொனாக்கோவை 3-2 என்று வென்று பிரெஞ்சுப் பட்டம். மூலதனம் கொண்டு கட்டிய அணி என்று பழைய ரசிகர்கள் முகம் சுளிப்பதுண்டு. அவர்களின் ஓட்டமும் மூன்று புள்ளி எறிதலும் தரும் விறுவிறுப்பை மறுப்பதற்கில்லை.

துயரம் பிடிக்கும் என்றால் ஸ்ட்ராஸ்பூர்க். 2013 முதல் 2017 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இறுதித் தொடருக்கு வந்து ஐந்திலும் தோற்ற அணி அது. நான்தேரிடம் ஒருமுறை, லிமோஜிடம் இருமுறை, அஸ்வெலிடம் ஒருமுறை, ஷலோனிடம் ஒருமுறை. 2016இல் இரண்டு ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தும் மூன்றைப் பறிகொடுத்தது. இத்தனையையும் தாங்கிய பயிற்சியாளர் வின்சென்ட் கொலே அதே காலத்தில் பிரெஞ்சுத் தேசிய அணியையும் நடத்தினார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

என் பரிந்துரையோ இவை எதுவும் அல்ல. தொடக்கக்காரருக்கு இளைஞர்களை வளர்க்கும் ஒரு நடுத்தர கிளப்பே ஏற்றது: ஷோலே, ல மான், நான்தேர் 92 அல்லது பூர்-கான்-ப்ரெஸ். பின்னர் என்.பி.ஏ.வில் ஆடிய ரூடி கோபேரும் நாந்தோ தெ கொலோவும் ஷோலேயில் வளர்ந்தவர்கள். நிக்கோலா பத்தூம் ல மானிலிருந்து என்.பி.ஏ.வுக்குப் போனவர். வெம்பன்யாமா நான்தேரில் தொடங்கி, அஸ்வெலில் ஒரு பருவம், பூலோன்-லெவல்வாவின் மெட்ரோபாலிட்டன்ஸில் ஒரு பருவம் ஆடி, 2023 ஜூனில் மொனாக்கோவிடம் இறுதித் தொடரை இழந்து, அதே மாதம் என்.பி.ஏ. அணிகள் புதுமுகங்களை எடுக்கும் தேர்வில் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு முதலிடம் பெற்ற ஸக்காரி ரிசாஷே பூர்-கான்-ப்ரெஸ் வீரர். ஆறாம் இடம் பெற்ற திஜான் சலாவுன் ஷோலே வீரர். இந்த கிளப்களின் அரங்கில் இன்று பத்து நிமிடம் மட்டும் ஆடும் பதினெட்டு வயதுப் பையனை மூன்று ஆண்டுகள் கழித்து எல்லாரும் பேசுவார்கள். தொழில்முறை கிளப்கள் ஒவ்வொன்றுக்கும் ‘எஸ்புவார்’ எனப்படும் இளையோர் அணி உண்டு. அவர்களின் லீக் ஆட்டம் பல சமயம் பெரியவர்களின் ஆட்டத்துக்கு முன்பாக அதே அரங்கில் நடக்கும். அந்த முடிவுகளையும் சேர்த்துப் பாருங்கள்.

நேரத்தைக் கணக்கிடுதல்

பிரான்சுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும், கோடைகாலத்தில் மூன்றரை மணி நேரமும் வித்தியாசம். மாற்றம் நடப்பது அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும். லீகின் பெரும்பகுதி குளிர்காலக் கணக்கில் வருவதால் நான்கரையை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். சனிக்கிழமை மாலை 6.30 ஆட்டம் நமக்கு இரவு 11 மணி. இரவு 8 மணி ஆட்டம் நமக்கு ஞாயிறு அதிகாலை 12.30, இங்கேதான் பலர் ஒருநாள் தவறிப்போகிறார்கள். அட்டவணையில் சனி என்று போட்டிருந்தால் கைபேசியின் நாட்காட்டியில் ஞாயிறு என்று பதிய வேண்டும். நேர மண்டலத்தைப் பாரிஸ் என்று கொடுத்துப் பதிந்தால் கைபேசியே மாற்றிக்கொள்ளும்.

பணிக்குச் செல்பவருக்கு ஞாயிறு மதிய ஆட்டங்கள் வரப்பிரசாதம். பிரான்சில் மாலை 5 மணி என்றால் நமக்கு இரவு 9.30, ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் திங்கள் காலை மின்சார ரயிலைத் தவறவிடாமல் தூங்கலாம். யூரோலீக் செவ்வாய் முதல் வெள்ளி வரை நடக்கிறது. சில வாரங்களில் இரண்டு சுற்றுகள் அடுத்தடுத்து வரும். அவற்றில் பாரிஸிலும் லியோனிலும் நடக்கும் ஆட்டங்கள் நள்ளிரவைத் தாண்டும். ஆனால் நீங்கள் தொடரும் அணி இஸ்தான்புல்லுக்குப் போகும்போது உள்ளூர் நேரம் இரவு 8.30 என்பது நமக்கு 11 மணி. எனவே வெளியூர் ஆட்டங்களைக் கிழக்கு நோக்கித் தேடுவது ஒரு நல்ல தந்திரம். ஜூன் இறுதித் தொடரின்போது வித்தியாசம் குறைந்துவிடுவதால் 8 மணி ஆட்டம் 11.30க்குத் தொடங்கும்.

எங்கே பார்ப்பது என்பதைப் பொறுத்தவரை, யூரோலீகுக்கும் யூரோகப்புக்கும் யூரோலீக் டிவி என்ற அதிகாரப்பூர்வக் கட்டணச் சேவை இருக்கிறது. ஃபிபாவின் போட்டிகளுக்கு கோர்ட்சைட் 1891 என்ற தளம் இருக்கிறது. உள்நாட்டு லீகின் ஒளிபரப்பு உரிமை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கைமாறுவது வழக்கம் என்பதால், செப்டம்பரில் லீகின் சொந்தத் தளத்தில் அந்தப் பருவத்துக்கான அறிவிப்பைப் பார்த்துவிட்டே சந்தா கட்டுங்கள். முழுப் பருவச் சந்தாவுக்கு முன் ஒரு மாதச் சந்தாவில் இந்தியாவில் அது இயங்குகிறதா என்று சோதிப்பது புத்திசாலித்தனம்.

பட்டியலைப் படிப்பதும் கடைசி நொடிகளும்

புள்ளிப் பட்டியலில் வெற்றியும் தோல்வியும் மட்டுமே, டிரா கிடையாது. இரண்டு அணிகள் சமமான வெற்றிகளோடு முடித்தால், அவர்கள் தங்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களின் மொத்தப் புள்ளி வித்தியாசம் தீர்மானிக்கும். இது சிறிய விதி போலத் தோன்றினாலும் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தையே மாற்றிவிடுகிறது.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். நவம்பரில் ஷோலே தன் ஊரில் ல மானை 82-74 என்று எட்டுப் புள்ளிகளில் வென்றது என்று கொள்வோம். மார்ச்சில் ல மான் ஊரில் மறு ஆட்டம். இருபது நொடிகள் மீதமிருக்க ல மான் பத்துப் புள்ளிகள் முன்னிலை. ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது, என்.பி.ஏ. என்றால் பந்தைத் தட்டிக்கொண்டு நேரத்தைக் கரைத்துவிட்டுக் கைகுலுக்குவார்கள். இங்கே ஷோலே பயிற்சியாளர் டைம்-அவுட் கேட்கிறார். அவருடைய வீரர் ஒரு மூன்று புள்ளியைப் போட்டால் தோல்வி ஏழில் நிற்கும்; இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் ஷோலே ஒரு புள்ளி மேலே. ல மான் அதைத் தடுக்க வேண்டுமென்றே ஃபவுல் செய்து இரண்டு ஃப்ரீ த்ரோவை மட்டும் கொடுக்கப் பார்க்கிறது. தோற்ற அணி துள்ளிக் குதிப்பதையும் வென்ற அணி தலையில் கைவைப்பதையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். மறு ஆட்டத்தைப் பார்க்க உட்காரும் முன் முதல் ஆட்டத்தின் வித்தியாசத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விதிகளில் மற்ற வேறுபாடுகளை விரைவில் பழகிவிடலாம். ஒரு கால்பகுதி பன்னிரண்டு அல்ல, பத்து நிமிடம். ஐந்து ஃபவுலில் வெளியேற வேண்டும். மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டரில். தற்காப்பு வீரர் கூடைக்குக் கீழே எவ்வளவு நேரமும் நிற்கலாம் என்பதால் உள்ளே நுழைவது கடினம். வளையத்தைத் தொட்ட பந்தை யார் வேண்டுமானாலும் தட்டிவிடலாம். நம் மாநிலப் போட்டிகளும் ஃபிபா விதிப்படியே நடப்பதால், நேரு உள்விளையாட்டரங்கில் ஆட்டம் பார்த்தவருக்கு இவை பழகியவையே; தொலைக்காட்சியில் என்.பி.ஏ. மட்டும் பார்த்தவருக்குத்தான் புதிது.

வீரர்கள் ஏன் நிற்பதில்லை, பணம் எங்கே இருக்கிறது

பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஓராண்டு, ஈராண்டுக்கானவை. கோடையில் அணியின் பாதி மாறிவிடும். எனவே வீரரைவிடப் பயிற்சியாளரையும் கிளப்பையும் தொடர்வதே நிலையானது. டி.ஜே. ஷார்ட்ஸின் பாதை இதைக் காட்டும்: ஜெர்மனியின் பான் அணியோடு 2023இல் ஃபிபா சாம்பியன்ஸ் லீகை வென்றார், பயிற்சியாளர் துவோமாஸ் ஈசாலோவோடு பாரிஸ் வந்து 2024இல் யூரோகப்பை வென்றார், ஈசாலோ என்.பி.ஏ.வுக்குப் போனார், ஷார்ட்ஸ் 2025இல் ஏதென்ஸின் பனத்தினைக்கோஸுக்குப் போனார். நல்ல வீரர் ஒவ்வோராண்டும் ஒரு படி ஏறுவார். பிரெஞ்சு கிளப்கள் பெரும்பாலும் அந்த ஏணியின் நடுப்படிகள். பருவத்தின் நடுவில் புதுப் பெயர் தோன்றினால் திகைக்க வேண்டாம்: காயமடைந்தவருக்குப் பதிலாகச் சில வாரங்களுக்கு மட்டும் ஒப்பந்தமாகும் ‘மருத்துவ மாற்று’ வீரர்கள் பிரான்சில் வழக்கமானவர்கள். பட்டியலில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிரான்சில் பயிற்சி பெற்றவர்கள் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியும் உண்டு. நல்ல பிரெஞ்சு வீரர்களின் சம்பளம் ஏறுவதற்கு அது ஒரு காரணம்.

கோடையில் வீரர் மாற்றச் செய்திகளோடு சேர்த்து நிதிக் கண்காணிப்புக் குழுவின் முடிவுகளையும் படியுங்கள். லீகின் இந்தக் குழு கணக்கைப் பார்த்துச் சம்பள வரம்பை விதிக்கும், அபராதம் போடும், பிரிவிலிருந்தே இறக்கும். 2000இல் லிமோஜ் பிரெஞ்சுப் பட்டம், பிரெஞ்சுக் கோப்பை, ஐரோப்பாவின் கோராச் கோப்பை மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. அதே கோடையில் கடன் காரணமாக இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. 2022இல் பிரெஞ்சுக் கோப்பையை வென்ற போ நகர அணிக்கு அடுத்த ஆண்டே அதே கதி நேர்ந்தது. கோப்பையை மட்டும் பார்ப்பவருக்கு இது அநியாயமாகத் தெரியும். ஆனால் சம்பளம் தராமல் கோப்பை வாங்கும் கிளப்பைவிட, கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டு ஒன்பதாம் இடத்தில் முடிக்கும் கிளப் அதன் வீரர்களுக்கு நல்லது என்பதே என் கருத்து.

நேரில் போக வாய்த்தால்

படிப்புக்கோ வேலைக்கோ பிரான்ஸ் போகும் சென்னைக்காரர்கள் குறைவில்லை. நுங்கம்பாக்கத்து அலியான்ஸ் பிரான்சேஸில் மொழி வகுப்புக்கு வருபவர்களில் பலர் லியோன், பாரிஸ் என்றுதான் கிளம்புகிறார்கள். பாரிஸில் பாரிஸ் பாஸ்கெட்பால் ஆடும் அடிடாஸ் அரினா 2024இல் திறக்கப்பட்டது. மெட்ரோ 12ஆம் தடத்தில் போர்த் தெ ல ஷப்பேல் நிலையத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். அஸ்வெல் உள்நாட்டு ஆட்டங்களுக்கு நீண்டகாலம் பயன்படுத்திவரும் அஸ்த்ரோபால் அரங்குக்கு லியோன் மெட்ரோவின் அ தடத்தில் லோரான் பொனவே நிலையம். 2023இல் திறந்த எல்.டி.எல்.சி. அரினா நகருக்கு வெளியே தெசீனில் இருக்கிறது. எந்த ஆட்டம் எந்த அரங்கில் என்று சீட்டு வாங்கும் முன் பார்க்க வேண்டும். மொனாக்கோவின் அரங்கு கால்பந்து மைதானத்துக்கு அடியில், நிலத்தடியில் இருக்கிறது. நீஸ் நகரில் தங்கிக்கொண்டு ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம், மொனாக்கோவில் அறை எடுப்பது கட்டுப்படியாகாது.

யூரோலீக் ஆட்டங்களுக்குச் சீட்டு முன்கூட்டியே தீரும். உள்நாட்டு லீகின் சாதாரண ஆட்டங்களுக்கு அந்த வாரத்திலேயே கிடைக்கும், விலையும் குறைவு. சீட்டு கையில் இருந்தால் இரண்டு மணி நேரம் முன்பாகவே உள்ளே போங்கள். எஸ்புவார் பையன்களின் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். இருக்கைகள் காலியாக இருப்பதால் பெரும்பாலும் களத்தின் ஓரம் வரை போய் உட்கார விடுவார்கள்.